சிறுநீர்க் கல்ச்சர் ரிப்போர்ட்டை மேலிருந்து கீழாகப் படியுங்கள்

கல்ச்சர் என்றால் மாதிரியில் இருக்கும் கிருமியை லேபில் வளர்த்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்க்கும் சோதனை. அதன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோருடைய கண்ணும் நேராக மருந்துப் பட்டியலுக்குத்தான் போகிறது. இடப்பக்கம் மருந்தின் பெயர், வலப்பக்கம் எஸ், ஐ, ஆர் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் ஒன்று. எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்குக் கேட்கும், ஆர் என்றால் கேட்காது. அவ்வளவுதான் விஷயம் என்று எண்ணி, எஸ் போட்ட மருந்துகளில் ஒன்றைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குகிறவர்களை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன். மதுரையில் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் பிரிவில் வேலை செய்கிறேன். அந்த எழுத்துகளைச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது என் பொறுப்பு. அந்த உரிமையில் சொல்கிறேன்: பட்டியல் என்பது ரிப்போர்ட்டின் கடைசிப் பகுதி. அதற்கு மேலே நான்கைந்து வரிகள் இருக்கின்றன. அவை சரியாக இருந்தால்தான் கீழே உள்ள பட்டியலுக்கு மதிப்பு. அவற்றைச் சரியாக அமைப்பதில் என் பங்கு பாதி, உங்கள் பங்கு பாதி.

இங்கே சிறுநீர்க் கல்ச்சரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வீட்டில் யாராவது ஒருவர் எப்போதாவது கொடுத்திருக்கக்கூடியது அதுதான். இரத்தம், சளி, சீழ் ஆகியவற்றுக்கு விதிகள் வேறு.

முதல் மாத்திரைக்கு முன்பே மாதிரி

ஆன்டிபயாட்டிக்கின் முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே சிறுநீரைக் கொடுத்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பல ஆன்டிபயாட்டிக்குகள் சிறுநீரில் செறிந்து இறங்குபவை. ஒரே ஒரு வேளை மருந்து உள்ளே போயிருந்தாலும், கிருமி சாகாமலே, அதை வளர்க்கும் என் பிளேட்டில் வளர மறுக்கலாம். ‘வளர்ச்சி இல்லை’ என்று ரிப்போர்ட் போகும். உங்களுக்கு எரிச்சல் மட்டும் அப்படியே இருக்கும்.

ஏற்கெனவே மருந்து தொடங்கிவிட்டால் மறைக்காதீர்கள். கல்ச்சருக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டிலேயே மருந்தின் பெயரையும் கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். கூடவே கர்ப்பம், சர்க்கரை நோய், சிறுநீரகக் கல், உள்ளே பொருத்தப்பட்ட சிறுநீர்க் குழாய், அண்மையில் மருத்துவமனையில் தங்கியது ஆகியவற்றில் எது இருந்தாலும் எழுத வேண்டும். வயதும் பெயரும் மட்டும் எழுதப்பட்ட சீட்டை வைத்துக்கொண்டு நான் கொடுக்கும் ரிப்போர்ட்டுக்கும், இந்த விவரங்களோடு வரும் சீட்டைப் பார்த்துக் கொடுக்கும் ரிப்போர்ட்டுக்கும் வித்தியாசம் உண்டு. எந்த வளர்ச்சியைப் பொருட்படுத்துவது, எதை விடுவது என்று முடிவு செய்ய எனக்கு இருக்கும் துணை அந்தச் சீட்டுதான்.

ஒரு எச்சரிக்கை: குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி, மனக்குழப்பம் ஆகியவை இருந்தால் கல்ச்சர் முடிவு வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மாதிரியைக் கொடுத்த கையோடு மருத்துவர் சொல்லும் சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும். முடிவு வந்தபின் மருந்தை மாற்றிக்கொள்ளலாம்.

மாதிரியை எடுக்கும் முறைக்கு வருகிறேன். காலையில் எழுந்தவுடன் போகும் சிறுநீர் நல்லது. இல்லாவிட்டால் சில மணி நேரம் அடக்கி வைத்திருந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சிறுநீர்த் துவாரத்தைச் சுற்றி வெறும் தண்ணீரால் கழுவித் துடைத்தால் போதும். கிருமிநாசினி வேண்டாம், அதன் மிச்சம் டப்பாவில் விழுந்தால் வளர வேண்டியதும் வளராது. பெண்கள் பிறப்புறுப்பின் உதடுகளை விரலால் விலக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆண்கள் முன்தோலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். முதலில் வருவதைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, நடுவில் வருவதை, ஓட்டத்தை நிறுத்தாமலே, டப்பாவில் பிடியுங்கள். கடைசியில் வருவதும் வேண்டாம். டப்பா லேப் கொடுத்ததாக இருக்க வேண்டும். வீட்டில் கழுவிக் காயவைத்த மருந்து பாட்டில் எவ்வளவு பளபளத்தாலும் என் கணக்கில் அது சுத்தம் இல்லை. மூடியின் உட்புறத்தைத் தொடாதீர்கள், அதைத் தரையில் கவிழ்த்து வைக்காதீர்கள்.

அடுத்தது நேரம். 2 மணி நேரத்துக்குள் லேபுக்கு வந்து சேர வேண்டும். முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வைக்கலாம், 24 மணி நேரம் வரை. ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. காரணத்தைச் சொல்கிறேன். ஈ.கோலை என்ற கிருமி தோதான சூழல் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். 1 மில்லி லிட்டரில் 1,000 கிருமிகள் இருந்த சிறுநீர், அந்தக் கணக்குப்படி 3 மணி நேரத்தில் 5 லட்சத்தைத் தாண்டிவிடும். தோலிலிருந்து தற்செயலாகக் கலந்த ஒன்றிரண்டு கிருமிகள் பெரிய தொற்றாக வேடம் போட அது போதும். அக்னி நட்சத்திர வெயிலில் பைக் பெட்டிக்குள் டப்பாவை வைத்துக்கொண்டு, வழியில் இரண்டு வேலையை முடித்துவிட்டு வருகிறவர்களின் மாதிரி எனக்கு எதையும் உண்மையாகச் சொல்வதில்லை.

சிறுநீர்க் குழாய் பொருத்தியவர்களுக்குப் பையிலிருந்து எடுக்கவே கூடாது. குழாயில் அதற்கென உள்ள இடத்தைத் துடைத்துவிட்டுச் செவிலியர் ஊசியால் எடுக்க வேண்டும். கைக்குழந்தைக்கு ஒட்டும் பையில் பிடித்த சிறுநீரில் தோல் கிருமிகள் கலந்தே தீரும். அதில் வளர்ச்சி இல்லை என்று வந்தால் நம்பலாம். வளர்ச்சி இருக்கிறது என்று வந்தால் வேறு முறையில் எடுத்து உறுதி செய்ய வேண்டும்.

லேபில் அந்த மூன்று நாட்கள்

‘ஒரு சிறுநீர்ப் பரிசோதனைக்கு மூன்று நாளா?’ என்று கவுன்டரில் கோபப்படுகிறார்கள். நியாயமான கேள்வி, பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

முதல் நாள்: 1 மைக்ரோ லிட்டர் பிடிக்கும் சிறு வளையத்தால் உங்கள் சிறுநீரைத் தொட்டு ஊட்டக்கூழ் நிரப்பிய பிளேட்டில் இழுக்கிறோம். அது 37 டிகிரியில் இரவு முழுவதும் இருக்கும். இரண்டாம் நாள் காலையில் பிளேட்டைத் திறந்து புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கும் காலனிகளை எண்ணுகிறோம். ஒவ்வொரு காலனியும் ஒரு கிருமியிலிருந்து பெருகியது என்று கொள்வது வழக்கம். 1 மைக்ரோ லிட்டரில் 100 காலனி என்றால் 1 மில்லி லிட்டரில் 1 லட்சம். ரிப்போர்ட்டில் நீங்கள் பார்க்கும் ‘1 மி.லி.க்கு 1 லட்சத்துக்கு மேல்’ என்ற வரி இப்படி வருவதுதான். மெக்கான்கி என்ற வகை ஊட்டக்கூழ் உள்ள பிளேட்டில் ஈ.கோலை ரோஜா நிறத்தில் தட்டையாக உலர்ந்து நிற்கும். கிளெப்சியெல்லாவும் ரோஜா நிறம்தான், ஆனால் உப்பிக் கொழகொழவென்று, வளையத்தால் தொட்டால் நூல் இழுக்கும். புரோட்டியஸ் என்ற கிருமி ஊட்டக்கூழின் மேல் அலை அலையாகப் பரவி ஓடும். பிளேட்டைப் பார்த்த பார்வையிலேயே பாதி அடையாளம் தெரிந்துவிடும். மீதியை வேதிச் சோதனைகள் உறுதி செய்கின்றன.

இரண்டாம் நாள் பகலில்தான் மருந்துச் சோதனையே தொடங்குகிறது. இப்போது பல இடங்களில் இயந்திரம் செய்கிறது. ஆனாலும் டிஸ்க் முறையைக் கண்ணால் பார்த்தால் ரிப்போர்ட் விளங்கிவிடும் என்பதால் அதையே விவரிக்கிறேன். 1966 இல் பாவர், கிர்பி உள்ளிட்ட நால்வர் அமெரிக்காவின் சியாட்டிலிலிருந்து எழுதிய கட்டுரை இதற்கு அடித்தளம். காலனியை உப்புநீரில் கரைத்து, அதன் கலங்கலைக் குறிப்பிட்ட அளவுக்குக் கொண்டுவருகிறோம்: 1 மில்லி லிட்டரில் ஏறக்குறைய 15 கோடி கிருமிகள். கலங்கல் குறைந்தால் மருந்து இருப்பதைவிட நன்றாக வேலை செய்வதுபோல் தோன்றும். கூடினால் மோசமாகத் தோன்றும். அதனால் கறுப்புக் கோடு போட்ட வெள்ளை அட்டையின் முன் மாதிரிக் குழாயையும் அளவுக் குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பார்ப்போம். 15 நிமிடத்துக்குள் பஞ்சுக் குச்சியால் அந்தக் கலங்கலை மியூல்லர்-ஹின்டன் என்ற வகை ஊட்டக்கூழ் உள்ள பிளேட் முழுவதும் மூன்று திசையில் தடவுகிறோம். பிளேட்டில் கூழின் கனம் 4 மில்லி மீட்டர் இருக்க வேண்டும். கனம் கூடினால் மருந்து கீழே இறங்கிவிடும், சுற்றிலும் பரவாது. அதன் மேல் மருந்து தோய்ந்த சிறு காகித வட்டுகளை (இவைதான் டிஸ்க்) வைத்து, 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம்.

மூன்றாம் நாள் காலை பிளேட்டைக் கவிழ்த்துப் பிடித்தால், கிருமி மெல்லிய படலமாகப் பரவியிருக்கும். மருந்து கேட்ட இடங்களில் மட்டும் வட்டைச் சுற்றித் தெளிவான வளையம் தெரியும். அந்த வளையத்தின் விட்டத்தை மில்லி மீட்டரில் அளக்கிறோம். சில நாட்கள் ஒரு விசித்திரம் கண்ணில் படும். செஃபோடாக்சிம் வட்டைச் சுற்றி வளையம் சிறியதாக இருக்கும். ஆனால் பக்கத்தில் அமாக்சிசிலின்-கிளாவுலனேட் வட்டு இருக்கும் பக்கமாக மட்டும் அந்த வளையம் நீண்டு, பழைய பூட்டின் சாவித்துவாரம் போலத் தோன்றும். கிருமி செஃபோடாக்சிமை உடைக்கும் நொதியைச் சுரக்கிறது. பக்கத்து வட்டிலிருந்து பரவிவரும் கிளாவுலனேட் அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் மட்டும் மருந்துக்கு உயிர் வருகிறது. ஈ.எஸ்.பி.எல். என்று உங்கள் ரிப்போர்ட்டில் எழுதுவது அந்த நொதியைத்தான். அந்த உருவத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கவலையும் வியப்பும் சேர்ந்தே வருகின்றன. மாத்திரைக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் செஃபிக்சிம் முதல் மருத்துவமனையில் ஊசியாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் வரை இந்தக் கிருமியிடம் ஒன்றும் செல்லாது.

இதே நாட்களில் ஈ.கோலை 25922 என்ற உலகம் முழுவதும் பயன்படும் தரக் கிருமியையும் சோதிப்போம். அதற்கு ஜென்டாமைசின் வளையம் 19 முதல் 26 மில்லி மீட்டருக்குள் விழ வேண்டும். விழவில்லை என்றால் டிஸ்க்கோ கூழோ கெட்டிருக்கிறது; யாருடைய ரிப்போர்ட்டும் வெளியே போகக் கூடாது. நீங்கள் ஒரு லேபைத் தேர்ந்தெடுக்கும்போது ‘தினமும் அல்லது வாரந்தோறும் தரக்கட்டுப்பாடு செய்கிறீர்களா?’ என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல லேபுக்கு அந்தக் கேள்வி பிடிக்கும்.

இனி ரிப்போர்ட்டைப் படிப்போம்

முதல் வரியில் மாதிரி எடுத்த நேரமும் வந்து சேர்ந்த நேரமும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே அரை நாள் ஓடியிருந்து, ஃப்ரிட்ஜில் வைத்ததாகவும் குறிப்பு இல்லையென்றால், கீழே படிப்பதில் பொருள் குறைவு.

அடுத்தது நுண்ணோக்கி வரி. சீழ் செல்கள் இருந்தால் உடல் கிருமியோடு போராடுகிறது என்பதற்கு அது ஒரு தடயம். எபிதீலியல் செல்கள் நிறைய இருந்தால் தோலின் மேலிருந்து வந்தது கலந்திருக்கிறது. எபிதீலியல் செல்கள் மிகுந்து, மூன்று வகைக் கிருமிகள் கலந்து வளர்ந்திருந்தால், நல்ல லேப் பட்டியலே போடாது; மறுபடி மாதிரி கேட்கும். அலைச்சல் என்று நினைக்காதீர்கள். தோலில் வாழும் கிருமிக்கு மருந்துப் பட்டியல் போட்டுத் தருகிற லேபைவிட உங்களை மறுபடி அழைக்கிற லேப் மேல்.

மூன்றாவது எண்ணிக்கை. 1 லட்சம் என்ற எல்லை 1950களில் பாஸ்டனில் எட்வர்ட் காஸ் என்ற மருத்துவர் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது. அது கல்லில் பொறித்த விதி அல்ல. எரிச்சலும் அடிக்கடி போகும் தொல்லையும் இருக்கிற பெண்ணுக்கு 1,000 ஈ.கோலை இருந்தாலே அது தொற்றாக இருக்கலாம். எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்கு 1 லட்சத்துக்கு மேல் இருந்தாலும் அது நோய் இல்லாமல் இருக்கலாம்.

இந்தக் கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தேவையற்ற மருந்துகள் மிக அதிகமாகப் போவது இங்கேதான். ஒரு மருமகள் மாமியாரின் ரிப்போர்ட்டோடு என் அறைக்கு வந்தார். “மேடம், அத்தைக்கு ஒன்பது மருந்துக்கு ஆர் போட்டிருக்கிறது. மெரோபெனம் ஊசி போடச் சொல்லிப் பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். ஊசிக்கு எங்கே சேர்க்கட்டும்?”

“அத்தைக்கு எரிச்சல் இருக்கிறதா அம்மா?”

“இல்லை.”

“காய்ச்சல், வலி, வழக்கத்தைவிட அதிகமாகப் போவது?”

“ஒன்றும் இல்லை. சர்க்கரைக்காக முழு உடல் பரிசோதனை செய்தோம். அதில் இதுவும் இருந்தது.”

அந்த அம்மாளுக்கு எந்த ஆன்டிபயாட்டிக்கும் தேவையில்லை. வயதான பெண்களின், குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களின் சிறுநீர்ப்பையில் கிருமி தொந்தரவு இல்லாமல் குடியிருப்பது சாதாரணம். அதற்கு மருந்து கொடுத்தால் அவர்களுக்கு நன்மை கிடைப்பதில்லை என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த உண்மை. கேட்கும் கிருமி போய் அந்த இடத்தில் கேட்காத கிருமி வந்து உட்காரும். அவருடைய மருத்துவரிடம் நானே பேசினேன், அவரும் ஒத்துக்கொண்டார். விதிவிலக்காகச் சிலர் உண்டு. கர்ப்பிணிகளுக்குத் தொந்தரவு இல்லாவிட்டாலும் பரிசோதித்துச் சிகிச்சை தர வேண்டும், அது சிறுநீரகத்துக்கு ஏறும் ஆபத்து அவர்களுக்கு அதிகம். சிறுநீர்ப் பாதையில் இரத்தம் கசியக்கூடிய அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் அப்படியே. மற்றபடி, தொந்தரவு இல்லையென்றால் கல்ச்சரே கொடுக்காதீர்கள். நல்லபடி குணமானபின் ‘போய்விட்டதா’ என்று பார்க்க மறு கல்ச்சரும் பெரும்பாலோருக்குத் தேவையில்லை.

‘வளர்ச்சி இல்லை’ என்பதையும் படிக்கத் தெரிய வேண்டும். சீழ் செல்கள் நிறைய, வளர்ச்சி மட்டும் இல்லை என்றால், முன்பே மருந்து சாப்பிட்டிருக்கலாம். அப்படியும் இல்லாமல் இது திரும்பத் திரும்ப நடந்தால் மருத்துவரிடம் காசநோய் பற்றிக் கேளுங்கள். சிறுநீரகக் காசநோய்க் கிருமி எங்கள் சாதாரணப் பிளேட்டில் வளராது. அதற்குத் தனிச் சோதனை உண்டு.

நான்காவது வரி கிருமியின் பெயர். அந்த ஒரு பெயருக்குள்ளேயே பல மருந்துகளின் கதை அடங்கியிருக்கிறது. கிளெப்சியெல்லா என்றால் ஆம்பிசிலின் பிறவியிலேயே கேட்காது. புரோட்டியஸ் என்றால் நைட்ரோஃபியூரன்டோயின் கேட்காது. கூடவே சிறுநீரகக் கல் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. என்ட்ரோகாக்கஸ் என்றால் செஃபிக்சிம் உட்பட செஃபலோஸ்போரின் வகை எதுவும் உதவாது. நீங்கள் நான்கு நாளாகச் செஃபிக்சிம் சாப்பிட்டும் குறையவில்லை, ரிப்போர்ட்டில் என்ட்ரோகாக்கஸ் என்று வந்திருக்கிறது என்றால், பட்டியலுக்குப் போகும் முன்பே காரணம் தெரிந்துவிட்டது.

பட்டியல்

இப்போது பட்டியலுக்கு வரலாம். முதல் விதி: வலப்பக்கம் இருக்கும் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள். டிஸ்க் முறையில் நைட்ரோஃபியூரன்டோயினுக்கு 17 மில்லி மீட்டர் வந்தால் எஸ். சிப்ரோஃப்ளாக்சாசினுக்கு 20 வந்தாலும் ஆர், அதற்கு 26 வேண்டும். இயந்திர ரிப்போர்ட்டில் எம்.ஐ.சி. என்று ஒரு எண் இருக்கும். கிருமியின் வளர்ச்சியை நிறுத்தத் தேவையான மிகக் குறைந்த மருந்தளவு அது. அங்கேயும் அப்படித்தான். நைட்ரோஃபியூரன்டோயினுக்கு 32 என்றால் எஸ், சிப்ரோஃப்ளாக்சாசினுக்கு 1 என்றாலே ஆர். ஒவ்வொரு மருந்தும் உடலில் எட்டும் அளவு வேறு, ஆகவே அளவுகோலும் வேறு. ‘எண் சின்னதாக இருக்கிற மருந்தே சிறந்தது’ என்று நினைத்து மருந்தை மாற்றிக் கேட்கிறவர்கள் படித்தவர்களிலும் நிறையப் பேர்.

இரண்டாவது: ஐ என்ற எழுத்துக்குப் பயப்பட வேண்டாம். மருந்தின் அளவைக் கூட்டினாலோ, மருந்து தானாகவே செறிந்து சேரும் சிறுநீர் போன்ற இடத்திலோ அது வேலை செய்யும் என்பதற்கான குறி அது. இந்தச் சோதனைகளுக்கு அளவுகோல் வகுக்கும் ஐரோப்பாவின் யூகாஸ்ட் அமைப்பு 2019 முதல் அந்த எழுத்துக்கு ‘கூடுதல் அளவில் கேட்கும்’ என்றே விளக்கம் தருகிறது. கோலிஸ்டின் என்ற கடைசிக்கட்ட மருந்துக்கு அதே வேலையைச் செய்யும் அமெரிக்க அமைப்பான சி.எல்.எஸ்.ஐ. எஸ் என்ற வகையையே இப்போது வைத்திருக்கவில்லை. ஐ அல்லது ஆர் மட்டும்தான். கோலிஸ்டினைச் சாதாரண டிஸ்க் வைத்துச் சோதித்து வளைய அளவைப் போட்டு எஸ் என்று எழுதிய ரிப்போர்ட் வந்தால் அதை நம்ப வேண்டாம். அந்த மூலக்கூறு பெரியது, ஊட்டக்கூழில் சரியாகப் பரவாது.

மூன்றாவது: எஸ் போட்ட எல்லா மருந்தும் உங்களுக்கு ஏற்ற மருந்து அல்ல. பிளேட்டில் கிருமி மட்டும்தான் இருக்கிறது. உங்கள் சிறுநீரகம், கல்லீரல், வயிற்றில் வளரும் குழந்தை எதுவும் அங்கே இல்லை. நைட்ரோஃபியூரன்டோயின் சிறுநீர்ப்பையில் அருமையாக வேலை செய்யும். ஆனால் இரத்தத்திலும் சிறுநீரகத் திசுவிலும் போதிய அளவு சேராது. எனவே காய்ச்சலும் விலாவலியுமாகத் தொற்று மேலே ஏறியவருக்கு அதை நம்பக் கூடாது. சிறுநீரகம் பழுதானவருக்கும், பிரசவத்துக்கு நெருங்கியவருக்கும் கொடுக்கக் கூடாது. டைஃபாய்டு கிருமி இதற்கு இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. ஜென்டாமைசின் வட்டைச் சுற்றி அது பெரிய வளையத்தை விடும்; நோயாளியிடம் அந்த மருந்து தோற்றுப்போகும். கிருமி நம் செல்களுக்குள் புகுந்து வாழ்கிறது, ஜென்டாமைசின் அங்கே போதிய அளவு எட்டுவதில்லை. அதனால்தான் அந்த முடிவை நாங்கள் எழுதவே கூடாது என்று விதி.

நான்காவது, எனக்கு மிகவும் முக்கியமானது: பட்டியலில் இருக்கும் மருந்துகளுக்குள் ‘பவர்’ வரிசை கிடையாது. மெரோபெனம் அதிக வகைக் கிருமிகளைத் தாக்கும், அவ்வளவுதான். உங்கள் ஈ.கோலை நைட்ரோஃபியூரன்டோயினுக்குக் கேட்கிறது, தொற்று சிறுநீர்ப்பையோடு நிற்கிறது என்றால், அந்த மாத்திரையைவிட மெரோபெனம் ஊசி மேலாக எதையும் செய்துவிடாது. குடலில் இருக்கும் பல நூறு வகைக் கிருமிகளை அழித்து, மருந்துக்கு அடங்காதவற்றுக்கு இடம் விட்டுக் கொடுக்கும். உலகச் சுகாதார நிறுவனம் 2017 இல் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்றாகப் பிரித்தது: முதலில் எடுக்கக்கூடியவை, கவனத்தோடு எடுக்க வேண்டியவை, கடைசிக்கென்று காத்துவைக்க வேண்டியவை. நைட்ரோஃபியூரன்டோயின் முதல் வகை; சிப்ரோஃப்ளாக்சாசின், செஃபிக்சிம், மெரோபெனம் இரண்டாம் வகை; கோலிஸ்டின் மூன்றாம் வகை. உங்கள் மருத்துவர் எழுதியது முதல் வகையில் இருந்தால் அவர் சரியாக யோசித்திருக்கிறார் என்று கொள்ளுங்கள். உங்கள் ரிப்போர்ட்டில் மெரோபெனத்தின் பெயரே இல்லையென்றால் லேப் சோதிக்கவில்லை என்றும் குறைப்படாதீர்கள். எளிய மருந்துக்கே கிருமி கேட்கும்போது பெரிய மருந்துகளின் முடிவை வேண்டுமென்றே வெளியிடாமல் வைப்பது நல்ல லேபுகளின் வழக்கம். மருத்துவர் கேட்டால் தருவோம்.

சட்டமும் இதில் உங்கள் பக்கம் இருக்கிறது. செஃபிக்சிம், மெரோபெனம் போன்றவை ஹெச்1 அட்டவணையில் வருகின்றன. 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கும் அந்த விதிப்படி மருந்துச்சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. வாங்கியவர், எழுதிய மருத்துவர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏறி மூன்று ஆண்டு இருக்க வேண்டும். லேப் ரிப்போர்ட் மருந்துச்சீட்டு ஆகாது. அதைக் காட்டி மருந்து கேட்காதீர்கள். கொடுக்கிற கடையிலும் வாங்காதீர்கள்.

உங்கள் ரிப்போர்ட் அதற்குப் பிறகு எங்கே போகிறது

உங்கள் கையில் ஒரு தாள் இருக்கிறது. அதன் விவரம் பெயர் நீக்கப்பட்டு என் கணினியில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் சேர்ந்த விவரங்களிலிருந்து, எங்கள் வட்டாரத்தில் எந்தக் கிருமி எந்த மருந்துக்கு எத்தனை சதவீதம் கேட்கிறது என்று ஓர் அட்டவணை தயாரிக்கிறேன். என் ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள இருப்பதில் பெரும்பகுதி இதுதான். ஹூநெட் என்ற இலவச மென்பொருள் இதற்கு உதவுகிறது. ஒரே நோயாளியின் முதல் கிருமியை மட்டும் எண்ண வேண்டும், இல்லாவிட்டால் நீண்ட நாள் படுத்திருக்கும் ஒருவரே சதவீதத்தைப் புரட்டிவிடுவார். ஒரு கிருமிக்கு 30 மாதிரியாவது சேராமல் சதவீதம் போடக் கூடாது. கல்ச்சர் முடிவு வருவதற்கு முன் மருத்துவர் எழுதும் முதல் மருந்து இந்த அட்டவணையைப் பார்த்துத்தான் எழுதப்பட வேண்டும்.

இங்கே என்னை உறுத்தும் ஒன்று இருக்கிறது. நம் ஊரில் இரண்டு மூன்று மருந்து சாப்பிட்டும் குறையாதபோதுதான் கல்ச்சர் கேட்கப்படுகிறது. முதல் மருந்திலேயே குணமானவர்களின் கிருமி என் பிளேட்டுக்கு வருவதே இல்லை. அதனால் என் அட்டவணை உண்மை நிலையைவிட மோசமாகக் காட்டும். அதைப் பார்த்து மருத்துவர் இன்னும் பெரிய மருந்தை எழுதுவார். அது இன்னும் எதிர்ப்பை வளர்க்கும். மருத்துவர் கல்ச்சர் வேண்டும் என்று சொல்லும்போது ‘முதலில் மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கிறேன்’ என்று தள்ளிப்போடாமல் அன்றே கொடுப்பது உங்களுக்கு மட்டும் உதவுவதில்லை, அடுத்த தெருவில் இருப்பவருக்கு எழுதப்படும் மருந்தையும் திருத்துகிறது.

இப்படிச் சேர்ந்த மாதிரிகளிலிருந்துதான் என்.டி.எம்.-1 பற்றிய பெரிய ஆய்வும் வந்தது. மெரோபெனம் வகையையே உடைக்கும் நொதி அது. 2010 இல் லான்செட் இன்ஃபெக்‌ஷியஸ் டிசீசஸ் இதழில் வந்த அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர். சென்னை, ஹரியானா, பிரிட்டன் முதலிய இடங்களின் கிருமிகளை அவர்கள் சோதித்தார்கள்; சிறுநீர்த் தொற்றிலிருந்து எடுத்தவையும் அவற்றில் இருந்தன. அந்த நொதியின் மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருந்தது. ஈ.கோலை அதைக் கிளெப்சியெல்லாவுக்குக் கைமாற்றிக் கொடுக்க முடியும். நொதியின் பெயரில் புது டெல்லி இருந்ததால் எழுந்த சண்டையில் அறிவியல் சிறிது காலம் மூழ்கிப்போனது. ஆனாலும் 2012 ஆகஸ்டில் சென்னையில் மருத்துவச் சங்கங்கள் கூடி வெளியிட்ட சென்னைப் பிரகடனம், நாட்டுக்கு ஓர் ஆன்டிபயாட்டிக் கொள்கை வேண்டும் என்று கேட்டது. யாரோ ஒருவர் டப்பாவில் சரியாகப் பிடித்துக் கொடுத்த சிறுநீர் இல்லாமல் அந்தக் கட்டுரை இல்லை.

கடைசியாக வீட்டில் செய்ய வேண்டியது. கல்ச்சர் ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு போட்டு, ரிப்போர்ட்டின் மேல் அப்போது என்ன மருந்து எத்தனை நாள் சாப்பிட்டீர்கள், குணமானதா என்று பேனாவால் எழுதி வையுங்கள். கைபேசியில் ஒரு படமும் இருக்கட்டும். அடுத்த முறை தொற்று வந்தால், முடிவு வருவதற்கு முந்தைய அந்த மூன்று நாட்களுக்கு எந்த மருந்தைத் தொடங்கலாம் என்று மருத்துவருக்குச் சொல்ல, கடந்த ஓராண்டுக்குள் வந்த ரிப்போர்ட்டைவிட நல்ல வழிகாட்டி இல்லை. கடந்த சில மாதங்களில் சிப்ரோஃப்ளாக்சாசின் சாப்பிட்டிருந்தால் அதையே மறுபடி தொடங்காமல் இருக்கவும் அந்தக் குறிப்பு உதவும். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்: எனக்கு இருக்கும் தொந்தரவுக்கு இந்தக் கிருமிதான் காரணமா? இதைவிட எளிய மருந்துக்கு இந்தக் கிருமி கேட்குமா? எத்தனை நாள் சாப்பிட வேண்டும், எந்த நாளில் குறைய வேண்டும்? ரிப்போர்ட்டில் ஏதாவது புரியவில்லை என்று மருத்துவர் சொன்னால், தாளின் அடியில் கையெழுத்திட்டிருக்கும் நுண்ணுயிரியல் மருத்துவரை அவர் தொலைபேசியில் அழைக்கலாம். அந்த அழைப்புகளை நான் எதிர்பார்த்திருக்கிறேன்.